மாட்டுச் சவ்வும் மனித நெஞ்சும்

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன் எழுதுவது)



மெக்கானிக்கல் படிக்கிறவன் ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடுத்தால் அது ரோபோவைப் பற்றி இருக்கும், இல்லாவிட்டால் மின்சார வண்டியைப் பற்றி இருக்கும். நான் எழுத வந்திருப்பது மாட்டின் இதயத்தைச் சுற்றிப் பை போல இருக்கும் ஒரு மெல்லிய சவ்வைப் பற்றி. முகம் சுளிக்காமல் படியுங்கள். நம் டெஸ்டிங் லேபில் கம்பியை இழுத்து அறுக்கிறோமே, அந்த வேலைக்கும் இதற்கும் நெருங்கிய சொந்தம் இருக்கிறது. போன செமஸ்டரில் இதையே செமினாருக்கு எடுத்தபோது, "இதற்கும் உன் டிபார்ட்மென்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. அந்த நண்பருக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். நம் உடம்பு வெளியாளை எளிதில் உள்ளே விடாது. ஒவ்வொரு செல்லின் மேலும் ஒட்டியிருக்கும் அடையாளங்களைப் பார்த்து, இது நம்முடையது, இது அந்நியம் என்று கண்டுபிடித்துவிடும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் அந்த எதிர்ப்பை அடக்கி வைக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிடுவது இதனால்தான். அங்கே வேறு வழியில்லை. சிறுநீரகத்தின் செல்கள் உயிரோடு இருந்தால்தான் வேலை நடக்கும்.

இணைப்புத் திசு என்று பள்ளியில் படித்தோமே, தசைநாண், எலும்பு, தோலின் அடிப்பகுதி, இதய உறை, இவற்றின் கதை வேறு. இவற்றில் செல்கள் கொஞ்சம்தான். பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். பாரம் தாங்குவதும் இழுவிசை தாங்குவதும் அந்த நார்தான். அது மனிதனிலும் மாட்டிலும் பன்றியிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால் உடம்பு அதனுடன் பெரிதாகச் சண்டைக்குப் போவதில்லை. சண்டையெல்லாம் நாருக்கு நடுவே குடியிருக்கும் செல்களால் வருவது. மாடு, பன்றி ஆகியவற்றின் செல்களில் ஆல்ஃபா-கேல் என்றொரு சர்க்கரை ஒட்டியிருக்கிறது. மனிதனுக்கு அது கிடையாது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடமும் அதே சர்க்கரை இருப்பதால், குழந்தைப் பருவத்திலேயே நம் ரத்தம் அதற்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தயார் செய்து வைத்துவிடுகிறது. மாட்டுத் திசுவை அப்படியே எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே குடியிருப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும், கட்டிடம் இடியவும் கூடாது. அல்லது குடியிருப்பவர்களை அசைய முடியாதபடி பூட்டி, அடையாளம் தெரியாமல் பூசி மறைத்துவிட வேண்டும். இந்த இரண்டு வழிகள்தான் உண்டு. இரண்டுக்கும் நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

பூட்டி வைக்கும் வழியை முதலில் சொல்கிறேன். ரப்பர் தெரியாத ஆள் நம் மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள்? பாலில் ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் ஷீட் அடித்து, புகைப்புரையில் காய வைக்கிறோம். அந்த ஷீட்டை அப்படியே டயராக்க முடியாது. வெயிலுக்கு இளகும், குளிருக்கு விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பரின் நீளச் சங்கிலிகளுக்கு இடையே பாலங்கள் விழும். இதுதான் வல்கனைசிங். கொலாஜன் நார்களுக்கு இடையே இதே போல் பாலம் போடுவது குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனம். தண்ணீரில் அரை சதவீத அளவு கரைத்து அதில் சவ்வை ஊறப்போட்டால் போதும். நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதியாகும், செல்கள் செத்துப்போகும், அந்நிய அடையாளங்களில் பெரும்பகுதி மறைக்கப்படும், கிருமியும் அழியும். தோல் பதனிடும் தொழிலும் அடிப்படையில் இதே வேலைதான். பச்சைக் கொலாஜன் 60, 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். குளூட்டரால்டிஹைடு ஏற்றிய பிறகு 80 டிகிரிக்கு மேலும் தாங்கும். பாலம் சரியாக விழுந்ததா என்று பார்க்கத் தோல்காரர்கள் பயன்படுத்தும் அதே சுருக்கச் சோதனையை வால்வுக்குச் சவ்வு பதப்படுத்துகிறவர்களும் செய்கிறார்கள். சென்னை அடையாறில் 1948ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் செருப்புத் தோலோடு நிற்காமல், தீக்காயத்துக்குக் கொலாஜன் படலம் செய்யும் ஆராய்ச்சிக்கும் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதயத்துக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் ஆலன் கார்ப்பாந்தியே. 1965ல் பாரிஸில் அவரும் பினே என்ற மருத்துவரும் பன்றியின் வால்வை மனிதருக்கு வைத்தார்கள். அப்போது பயன்படுத்திய பதப்படுத்தும் முறை போதவில்லை, வால்வுகள் சீக்கிரமே கெட்டன. குளூட்டரால்டிஹைடுக்கு மாறிய பிறகுதான் அவை ஆண்டுக்கணக்கில் நின்றன. 1971ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மரியன் அயனெஸ்கு என்பவர் மாட்டின் இதய உறையை வெட்டி வால்வாகத் தைத்தார். இன்றைக்கும் உலகமெங்கும் வைக்கப்படும் சவ்வு வால்வுகளில் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் அதுதான். அந்தச் சவ்வின் கனம் அரை மில்லிமீட்டர்கூட வராது. கசாப்புக்கூடத்தில் நோயில்லாத மாடு என்று சோதித்து எடுத்து, குளிர்ந்த உப்புநீரில் கொண்டுவந்து, கொழுப்பு நீக்கி, பதப்படுத்தி, கனம் அளந்து, ஒரே சீரான இடத்திலிருந்து மட்டும் இதழ்களை வெட்டி எடுக்கிறார்கள். தைப்பது இன்றைக்கும் கைவேலைதான். மைக்ராஸ்கோப் வைத்துப் பெரும்பாலும் பெண்கள்தான் தைக்கிறார்கள். ஒரு வால்வுக்கு மணிக்கணக்கில் ஆகும்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் அக்காவின் நெஞ்சில் இருப்பது இந்த மாதிரி ஒரு வால்வு.

அக்காவுக்குச் சிறுவயதில் தொண்டைவலியும் மூட்டுவீக்கமும் வந்து போனது. வாதக்காய்ச்சல். மூட்டு சரியாகிவிட்டது, இதயத்தின் மைட்ரல் வால்வு சரியாகவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. 2022ல் நான் பத்தாம் வகுப்பு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஆபரேஷன் முடிவானது. தக்கலைக்காரனுக்குப் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது உண்மை, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி மட்டும் இன்னும் திருவிதாங்கூரிலேயே இருக்கிறது! மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறி, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று அந்த வழியில் எத்தனை தடவை போய்வந்தோம் என்று கணக்கில்லை.

டாக்டர் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக இரண்டு வழி சொன்னார். உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க நிற்கும். ஆனால் ரத்தம் அதில் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை வேண்டும், ரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும், கீரைகூட ஒரு நாள் நிறைய, ஒரு நாள் ஒன்றுமில்லை என்று சாப்பிட முடியாது. கரு உண்டானால் அந்த மாத்திரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகும், ஆபத்து உண்டு. சவ்வு வால்வு என்றால் முதல் சில மாதங்களுக்குப் பிறகு அந்த மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் பத்து, பதினைந்து வருஷத்தில் கெடும். இளவயதுக்காரர்களுக்கு அதைவிடச் சீக்கிரமே கெடலாம், சுண்ணாம்பு படிந்து இதழ் விறைத்துவிடும். அப்போது மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டிவரலாம்.

"ரெண்டிலும் நஷ்டம் உண்டு. எந்த நஷ்டம் உங்களால தாங்க முடியும்னு நீங்கதான் பறையணும்" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டது வேறு கேள்வி. "எனக்க மவளுக்க நெஞ்சுக்குள்ளயா மாட்டுத் தோலை வச்சுத் தைக்கப் போறாவ?"

"தோல் இல்லம்மா, சவ்வு" என்றாள் அக்கா.

"அதுக்க உயிரு அதுல கெடக்குமா?"

"எல்லாத்தையும் கொன்னு, மருந்துல ஊறவச்சுத்தான் வைப்பாவளாம்."

"அப்போ செத்த சாதனமா?"

இதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. பன்றி வால்வும் உண்டு என்று யாரோ சொல்ல, "அதுக்கு இது தேவல" என்று அம்மாவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் வேளிமலை முருகனுக்கு ஒரு நேர்ச்சையும் முடிந்து வைத்தாள். அத்தான் குலசேகரம் பக்கம் பால்வெட்டுக்குப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். அடுத்த முறை டாக்டரிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "ரப்பருக்கு மருந்து சேத்து உறுதியாக்குகது போலயா டாக்டரே இதும்?" டாக்டர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, "அது தன்னே" என்றார். மேலே நான் எழுதிய உதாரணம் என் சொந்தச் சரக்கு இல்லை, அத்தானுடையது.

முடிவை எடுத்தது அக்கா. "எனக்குப் பிள்ள வேணும். பத்து வருஷம் கழிச்சு வரதை அப்பம் பாப்பம்." அவ்வளவுதான் சொன்னாள்.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் நான் இந்த விஷயத்தைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஏன் கெடுகிறது என்பதுதான் என் கேள்வி. பதில் பூட்டி வைக்கும் முறைக்குள்ளேயே இருக்கிறது. குளூட்டரால்டிஹைடு அந்நிய அடையாளங்களை மறைக்கிறது, நீக்குவதில்லை. செத்த செல்களின் மிச்சம் சவ்வுக்குள்ளேயே கிடக்கிறது. பாலம் போடாமல் எஞ்சிய ரசாயனமும் அங்கங்கே ஒட்டியிருக்கிறது. இந்த இரண்டிலும் கால்சியம் வந்து படிகிறது. ஆபரேஷன் தியேட்டரில் வால்வை ஜாடியிலிருந்து எடுத்து உப்புநீரில் பலமுறை அலசியே வைத்தாலும் முழுவதும் போவதில்லை. சுண்ணாம்பைக் குறைக்கக் கம்பெனிகள் விதவிதமான கழுவுமுறைகளைச் சேர்க்கின்றன. பலன் இருக்கிறது, முழுத்தீர்வு இல்லை. இன்னொன்று, பூட்டிய சவ்வுக்குள் நம் உடம்பின் செல் குடியேற முடியாது. அதனால் கிழிந்தால் தானாக ஒட்டாது, குழந்தைக்கு வைத்தால் குழந்தையோடு வளராது.

நம் டிபார்ட்மென்டுக்கு வேலை இங்கேதான். இதயம் நிமிஷத்துக்கு 72 முறை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு ஒருமுறை திறந்து மூட வேண்டும். ஃபட்டீக் டெஸ்ட் என்று நாம் பாடத்தில் படிப்பதை இந்த வால்வுகளுக்குச் செய்துதான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். சவ்வு வால்வு 20 கோடி சுற்று தாங்க வேண்டும், உலோக வால்வு 40 கோடி சுற்று தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தரவிதி. வகுத்துப் பார்த்தால் ஐந்து வருஷத் துடிப்பு, பத்து வருஷத் துடிப்பு. சவ்வை இழுத்துப் பார்த்தால் ஸ்டீலைப் போல் நேர்க்கோடு வராது. முதலில் லேசாக நீளும், சுருண்டிருக்கும் நார்கள் நிமிர்ந்த பிறகு திடீரென்று விறைக்கும். ஒரு திசையில் ஒரு பலம், குறுக்கே வேறு பலம். ஹூக் விதியை நம்பி இதற்கு டிசைன் போட முடியாது.

இனி இரண்டாவது வழி, குடியிருப்பவர்களை அப்புறப்படுத்துவது. இதற்கு உதாரணம் கயிறு. கதம்பையைக் காயல் தண்ணீரில் மாதக்கணக்காக ஊறப்போட்டு, அழுகியதை அடித்து, சோற்றை நீக்கி நாரை மட்டும் எடுப்பதை நம் கடற்கரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். திசுவிலும் அதேதான். உப்பில்லாத நீரில் போட்டால் செல்கள் ஊதி வெடிக்கும். உறைய வைத்து உருக்கினாலும் உடையும். பிறகு சோப்பு வகை ரசாயனத்தில் அலசுவார்கள். அதில் முக்கியமான ஒன்று சோடியம் லாரில் சல்ஃபேட். காலையில் பல் தேய்க்கும் பேஸ்ட் உறையைத் திருப்பிப் பாருங்கள், அதே பெயர் இருக்கும். உடைந்த செல்லிலிருந்து சிந்தும் டிஎன்ஏவைக் கரைக்க என்ஸைம் போடுவார்கள். கடைசியில் சோப்பு போகும்வரை நாள்கணக்கில் கழுவுவார்கள், ஏனென்றால் மிச்சமிருக்கும் சோப்பு, பின்னால் குடியேற வரும் நோயாளியின் செல்லையும் கொன்றுவிடும்.

எவ்வளவு சுத்தம் போதும்? கதம்பையில் சோறு கொஞ்சம் ஒட்டியிருந்தால் கயிற்றுக்கு விலை குறையும், அவ்வளவுதான். இங்கே அப்படியில்லை. காய்ந்த திசு ஒரு மில்லிகிராமில் டிஎன்ஏ 50 நானோகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று 2011ல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை சொன்ன அளவைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். எடையில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு செல்லின் உட்கருகூடத் தெரியக்கூடாது. சோப்பு குறைந்தால் செல் மிச்சமாகும், கூடினால் நாரே பிரிந்து பலம் போய்விடும்.

இதில் விளையாடக்கூடாது என்பதற்கு வியன்னா சாட்சி. 2001ல் அங்கே செல் நீக்கிய பன்றி வால்வுகளை நான்கு குழந்தைகளுக்கு வைத்தார்கள். மூவர் இறந்தார்கள். ஒரு குழந்தை ஏழாம் நாளில், ஒன்று ஆறு வாரத்தில், ஒன்று ஒரு வருஷத்தில். நான்காவது குழந்தையின் வால்வை இரண்டு நாளிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். எடுத்துப் பார்த்தவற்றில் கடுமையான அழற்சி இருந்தது. வைக்காத புதிய வால்வைச் சோதித்தபோது அதிலேயே செல்கள் முழுதாக நீங்கவில்லை என்று தெரிந்தது. 2003ல் அந்த மருத்துவர்களே இதை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் கேஜ் வைத்து "பாஸ்", "ரிஜெக்ட்" என்று பிரிக்கிறோமே, அந்த வேலையின் கனம் அன்றுதான் தெரிந்தது.

மனிதர்கள் தானம் தரும் திசுவுக்கும் இதே கவலைதான். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988ல் திசு வங்கி தொடங்கினார்கள். எலும்பையும், பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வையும் கழுவி உலர வைத்து, காமா கதிரில் கிருமி நீக்கிக் கொடுக்கிறார்கள். அங்கே நிராகரிப்பைவிட நோய் தொற்றுவதுதான் பெரிய பயம்.

நம் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பத்மநாபபுரம் கோட்டைச்சுவர் கோபித்துக்கொள்ளும். அங்கிருந்து ஆண்ட அதே திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973ல் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கட்டிடத்தை மக்களுக்குத் தானமாகக் கொடுத்தது. அதுதான் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையமாக வளர்ந்து, 1980ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அதன் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புரையில் பழைய சாட்டல்மண்ட் அரண்மனையில் நடக்கிறது. டாக்டர் வலியத்தான் தலைமையில் அங்கே உருவான உலோக வால்வின் முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நீலக்கல் தகடு வைத்ததும் அதில் சேர்த்தி. நாலாவது மாதிரி ஜெயித்து 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். வலியத்தான் 2024ல் காலமானார்.

அதே நிலையத்தில் அனில்குமார் என்ற பேராசிரியரின் குழு பன்றியின் பித்தப்பையை எடுத்துக்கொண்டது. கசாப்புக்கடையில் தூக்கி எறியும் பொருள். அதன் செல்களை நீக்கி, எஞ்சிய நார்ப்படலத்தைத் தீக்காயத்துக்கும் சர்க்கரைப் புண்ணுக்கும் போடும் கட்டாக மாற்றினார்கள். பெயர் கோலிடெர்ம். தொழில்நுட்பத்தை 2017ல் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள், 2023ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி கிடைத்தது. பத்தாயிரம் ரூபாய் ஆகும் சிகிச்சை இரண்டாயிரத்துக்கு இறங்கும் என்று எதிர்பார்ப்பதாக அப்போது செய்தி வந்தது. எலி, முயல், நாய்களில் வைத்துப் பார்த்தபோது தழும்பும் குறைவாக இருந்ததாம். காயத்தின் மேல் போடும் படலம் வேறு, நாளுக்கு ஒரு லட்சம் முறை திறந்து மூடும் வால்வு வேறு. ஒன்று வந்துவிட்டதால் மற்றதும் நாளைக்கே வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தில் இந்த வேலை நடக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அக்காவுக்கு 2024ல் பெண் குழந்தை பிறந்தது. அம்மா நேர்ச்சையை நிறைவேற்றிவிட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கிறோம். இதழ் எவ்வளவு திறக்கிறது, அழுத்தம் எவ்வளவு என்று இரண்டு மூன்று எண்கள் எழுதித் தருவார்கள். நான் அவற்றை என் வொர்க்‌ஷாப் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் குறித்து வைக்கிறேன். இதுவரை எண்கள் பெரிதாக மாறவில்லை. போன தடவை எக்கோ அறைக்கு வெளியே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அத்தான், "அந்த மருந்தை இன்னும் கொஞ்சம் கழுவி எடுக்க ஒரு வழி உண்டா மாப்ளே?" என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறார்கள் அத்தான் என்றேன்.